அரிசி வாளிக்குள் ஒளித்த மருந்து

கனடாவின் மொன்றியலில் வாடகை மானியம் கிடைக்கும் வீட்டில் நானும் கணவரும் இருக்கிறோம். போன மாரிக் குளிரில், மானிய வீடுகளுக்குத் தாதி ஒருவர் வருவார் என்று கடிதம் வந்தது. நோய், வருத்தம் உள்ளவர்கள் இருப்பது தெரிந்தால் வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, கணவரின் நீரிழிவு மருந்துகளை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். அவரது கால் புண்ணைத் தடித்த காலுறையால் மறைத்தேன்.

வந்தவள் தமிழ்ப் பிள்ளை.

“வீட்டில ஆருக்கும் வருத்தம் இருக்கோ, அம்மா?”

“இல்லைப் பிள்ளை” என்றேன்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த கணவரின் நடையை அவள் கவனித்தாள்.

“ஐயா, சொக்ஸை ஒருக்காக் கழட்டுங்கோ.”

புண்ணைக் கண்டதும் நிலத்தில் குந்தி, காலைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். “இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தா காலை எடுக்க வேண்டி வந்திருக்கும். நாங்கள் வீட்டைப் பறிக்க வரேல்லை, அம்மா. வருத்தத்தோட இருக்கிற ஆக்கள் தங்கட வீட்டிலேயே தொடர்ந்து இருக்க உதவி செய்யத்தான் வாறனாங்கள்.”

அன்றே மருத்துவரிடம் அனுப்பினாள். பிறகு கிழமைதோறும் வீட்டுக்கே வந்து மருந்து கட்டினாள். புண் ஆறிவிட்டது.

இப்போது மருந்துகள் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன. போன மாதம் மேல்மாடித் தமிழ்ப் பெண்ணுக்கும் அதே கடிதம் வந்ததென்று அறிந்து உடனே போனேன்.

“மருந்தை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் குசினியில் இருந்த அரிசி வாளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.