வலது இடுப்பு

நெல்லித்தோப்பில் ஒரு துப்பாக்கிக் கடையில் நானும் என் மனைவி தனமும் உட்கார்ந்திருக்கிறோம். விழுப்புரத்திலிருந்து புல்லட்டில் வந்தோம். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். இன்று மூன்று கல் குவாரிக்குச் சொந்தக்காரன். கலெக்டரே கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் தந்திருக்கிறார். எனக்குப் பயம் என்பதே கிடையாது. குவாரித் தகராறில் போனில் மிரட்டல் வந்ததிலிருந்து தனத்துக்குத்தான் தூக்கமில்லை. துப்பாக்கி வாங்கச் சொன்னவளும் அவள்தான்.

“சட்டைக்குள்ள தெரியக் கூடாது. குண்டு மட்டும் பெருசா இருக்கணும்” என்கிறேன்.

கடைக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; ‘ஐயா’ என்பதற்கு ‘முசியே’ என்பார். பெரிய குண்டு போடும் .45 பிஸ்டல் ஒன்றைத் திறந்து, குண்டு இல்லையென்று காட்டிவிட்டு நீட்டுகிறார். “சின்ன பிஸ்டல்ல பெரிய குண்டுன்னா கையை உதறும், முசியே.”

“கல்லு ஒடச்ச கைய்யா இது!”

வலது இடுப்பில் செருகிக்கொள்கிறேன். வெளியே தெரியவில்லை.

“வண்டியில ஒக்காந்தா குத்துதான்னு பாருங்க” என்கிறார். நாற்காலியில் புல்லட் ஓட்டுவதுபோல் உட்காருகிறேன். தனம் பின்னால் வந்து, எப்போதும்போல என் வலது இடுப்பைப் பிடிக்கிறாள். இரும்பு பட்டதும் கையை எடுத்துவிடுகிறாள்.

“பரவால்ல, நான் வண்டிக் கம்பிய புடிச்சிக்கிறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து என் வண்டியில் அவள் கம்பியைப் பிடித்ததே இல்லை. பிஸ்டலை உருவி இடது பக்கம் செருகுகிறேன்.

கடைக்காரர் பதறுகிறார். “அங்கேர்ந்து எடுக்க நேரமாவுமே, முசியே!”

“ஆவட்டும். என்னைச் சுட வர்றவன் கொஞ்சம் நிக்கட்டும்.”