மலர் தெரிந்தெடுத்த ட்ரெயிலர்

புது ட்ரெயிலருக்குள் ஏறினால் ஒரு மணம் வரும்... பசையும் பிளாஸ்டிக்கும் புதுப் பலகையும் கலந்த மணம். வெயிலில் பூட்டிக் கிடந்ததென்றால் கண் எரியும்.

ஏழு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதச் சனிக்கிழமை, மொன்றியலுக்கு வெளியே ட்ரெயிலர் விற்கும் இடமொன்றில் அந்த மணத்துக்குள் நின்றேன். கூட வந்தது என் மனைவி மலர்.

டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றும் வேலையில் இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். முப்பது வருடம் மற்றவர்களின் பெட்டிகளை ஏற்றியாயிற்று, இனி நானும் ஊர் பார்க்க வேண்டும் என்று ஒரு பிளான். பெரிய ட்ரக், பின்னால் வீடு மாதிரி ஒரு ட்ரெயிலர், கிழக்குக் கடலில் இருந்து மேற்குக் கடல் வரைக்கும் கனடா...

மலரிடம் கேட்டுச் செய்யவில்லை. சொல்லிவிட்டுச் செய்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் விளங்கியது.

ட்ரக்கை முன்பே பார்த்து, எடுக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். கறுப்பு, நாலு கதவு, டீசல். ட்ரெயிலர் முப்பத்திரண்டு அடி. ஒரு பொத்தானை அழுத்தினால் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு போய் அறை பெரிதாகும். பிள்ளைகள் குடும்பத்தோடு வந்தாலும் படுக்கலாம். அந்தப் பொத்தானை நாலு தரம் அழுத்திப் பார்த்தேன்.

மலர் படியிலேயே நின்றாள்.

"என்ன யோசிக்கிறீர்? உள்ள வந்து பாருமன்."

"நான் வரேல்லை."

"உள்ளுக்கோ?"

"ஒரு இடமும் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

விற்பனையில் நின்ற பிரெஞ்சுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும். போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டாள்.

காருக்குள் ஏறிய பிறகுதான் மலர் கதைத்தாள்.

"ஊரில எத்தினை தரம் வீட்டை விட்டிட்டு வெளிக்கிட்டனான் தெரியுமே? சட்டியையும் பாயையும் சைக்கிளில கட்டிக்கொண்டு... பள்ளிக்கூடத்தில படுத்து, தறப்பாளுக்குக் கீழ படுத்து... உங்களுக்கு இது அட்வென்ச்சர். எனக்கு இது இடம்பெயருறது."

அந்தச் சண்டை வருடங்களில் நான் இங்கே இருந்தேன். அவள் பிறகு என் ஸ்பொன்சரில் வந்தவள். அந்தக் கதைகளை எல்லாம் பல தரம் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே ட்ரெயிலர் படங்களையும் பார்த்திருக்கிறேன்...

திங்கட்கிழமை போன் பண்ணி ட்ரக்கும் வேண்டாம், ட்ரெயிலரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மலரிடமும் சொன்னேன்.

இரண்டு கிழமை போனது. ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"ஊரில அப்ப என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. எங்க போறது, எதைத் தூக்கிறது, எப்ப வெளிக்கிடுறது... ஒண்டும் நான் முடிவெடுக்கேல்லை. இந்த முறை நான் தெரிஞ்செடுத்தால் வாறன்."

அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனோம். மலர் இருபது வருடமாக ஒரு பிரெஞ்சு garderie-யில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் பார்ப்பவள், பிரெஞ்சு தண்ணீர் மாதிரி ஓடும். என் பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி'யோடு நின்றுவிடும். ஆகவே அந்தப் பெண் மலரோடுதான் கதைத்தாள். நான் பின்னால் நடந்தேன்.

ஒவ்வொரு ட்ரெயிலருக்குள்ளும் ஏறினாள். கழிப்பறைக்குள் போய்க் கதவை உள்ளே பூட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்தாள். சிங்குக்கு முன்னால் நின்று, பாத்திரம் கழுவும்போது ஜன்னலால் என்ன தெரியும் என்று பார்த்தாள். கடைசியில் பத்தொன்பது அடி ட்ரெயிலர் ஒன்றில் வந்து நின்றாள்.

"பிள்ளையள் வந்தால்?" என்றேன்.

"பிள்ளையளுக்கு ஹோட்டல் இருக்கு."

தண்ணீர், காஸ், பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றினால் மொத்தப் பாரம் எவ்வளவு என்று கேட்டு எழுதுவித்தாள். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ட்ரக் தேடினோம். வாங்கியது சாம்பல் நிறம், பெற்றோல், இரண்டாம் கை. வழியில் கறுப்பு டீசல் ஒன்று நின்றது. நான் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

"படி வைச்சு ஏறுற வாகனத்தில அறுபது வயசில எங்களுக்கு என்ன வேலை? வாங்கோ."

முதல் பயணம் கியூபெக்கின் கிழக்குக் கரை, காஸ்பே. மூன்றாம் நாள் மத்தியானம், மலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க மழை பிடித்தது. மெல்லிய கூரை... சத்தம் என்றால் சத்தம், ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. மலர் கத்தியை வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டாள். போய்க் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். முகம் எனக்குத் தெரியவில்லை.

அவள் சொன்ன தறப்பாள் நினைவு வந்தது. நான் ட்ரக் திறப்பை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"வெளிக்கிடுவமே? வீட்டை போவம்."

பிறகு திரும்பினாள்.

"ஆர் எங்களைக் கலைக்கினம்? நாளைக்கும் நிண்டிட்டுப் போவம்."

திரும்ப வந்து மிச்ச வெங்காயத்தை வெட்டினாள்.

மேற்குக் கடல் வரை போனோம். ஒரு தரம் அல்ல, மூன்று தரம்.

இந்த வருடம் கண் டொக்டர் என்னைத் தூர இடங்களுக்கு வாகனம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விற்போம் என்றேன். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்து ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. மலர் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, சிரித்துக் கதைத்து, விற்பதற்கில்லை என்று பிரெஞ்சில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இப்போது ஞாயிறு காலைகளில், கடை திறக்க முன், வெறும் பார்க்கிங்கில் ட்ரெயிலரோடு ரிவேர்ஸ் எடுத்துப் பழகுகிறாள். அடையாளத்துக்கு வைத்த கூம்பு இரண்டு சரிந்தன. சத்தம் போட்டது நான்தான், அவள் அல்ல.

போன கிழமை ஆற்றங்கரை வீதியால் கொஞ்ச தூரம் ஓட்டினாள். நான் பக்கத்து சீற்றில்.

அந்த நாட்களில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு றோட்டை மட்டும் பார்த்தவன் நான். எத்தனை ஆறு, எத்தனை மலை பக்கத்தால் போயிருக்கும்...

இப்போது எல்லாம் பார்க்க நேரம் இருக்கிறது. கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது.