கால் சுற்று ஆட்டம்

எங்கள் ஜீப்பின் ஸ்டீரிங்கில் கால் சுற்று ஆட்டம் இருந்தது. அதாவது, கால் சுற்று சும்மா திருப்பிய பிறகுதான் சக்கரங்களுக்குச் சேதியே போகும். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டுச் சரிசெய்திருப்பார்கள். என் நைனா அதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருந்தார். "இது என் கைக்குத்தான் அடங்கும்" என்பார். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய வண்டி அது. அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஜீப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து அம்மா பஸ் ஏறக்கூடாது என்றாகிவிட்டது. ஜீப் வைத்திருப்பவர் பெண்டாட்டி பஸ்ஸில் இடிபட்டுப் போனால் நைனாவின் மானம் என்னாவது?

எளாவூர் எங்களுக்குப் பத்து மைல்கூட இல்லை. அங்கே அம்மாவின் அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அம்மா போக வேண்டுமானால் நைனா ஓட்ட வேண்டும். நைனா ஓட்ட வேண்டுமானால் அவருக்கு மனம் வர வேண்டும். இன்றைக்குக் களத்தில் நெல், நாளைக்கு உரம், மறுநாள் வண்டி சரியில்லை. நாலு மாதத்தில் அம்மா போனது இரண்டே முறை. மகள் ஊட்டினால்தான் கிழவர் வாயைத் திறக்கிறார் என்று ஆள்மேல் ஆள் வந்து சொன்னார்கள்.

நைனா நெல் விஷயமாக ரயிலில் நெல்லூர் போய்த் தங்கியபோது, அம்மாவின் தம்பி ஒரு கோணிப்பை நிறைய சாமானோடு வந்து இறங்கினார். மாமா மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கடகடவென்றது.

"பாத்தியாடி, கிங் பின் பேரிங்கு பூரா தேஞ்சி கீது. டை ராடு முனையும் போச்சி. இத்த வச்சிக்கினு உங்க நைனா வித்த காட்டிக்கினு கீறாரு."

இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். முன் ஆக்ஸிலின் இரு கோடியிலும், சக்கரம் திரும்பும் இடத்தில், புதுப் பேரிங் போட்டார். சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் டை ராடின் முனைகளை மாற்றி, கிரீஸ் அடைத்து இறக்கினார். மூன்றாம் நாள் காலை அம்மாவை எளாவூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. அம்மா தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, வேட்டி மாற்றிவிட்டு வந்தாள். இனி வாரா வாரம் போகலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாமா ஊருக்குக் கிளம்பியதும் கழற்றிய பழைய சாமானை என்னிடம் கொடுத்தாள். "கெணத்துல போட்டுட்டு வா. யாருக்கும் சொல்லாத." அவளுக்குத் தன் புருஷனைத் தெரியும். எனக்கு ஒன்பது வயது. பேரிங்கின் உருளைகள் பளபளவென்று இருந்தன. அத்தனையையும் வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன்.

நைனா வந்தார். யாரும் வாயைத் திறப்பதற்குள் வண்டியை எடுத்தார். தெருமுனையில் பழக்க தோஷத்தில் ஸ்டீரிங்கை ஒரு வெட்டு வெட்டினார். வண்டி சொன்ன பேச்சை உடனே கேட்டு வாய்க்காலில் இறங்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முழங்கால் வரை சேறோடு வீட்டுக்கு வந்தவரிடம் அம்மா, "என் தம்பி ரிப்பேர் பண்ணிட்டான். இனிமே யாரு வேணா ஓட்டலாம்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நல்லா இருந்த வண்டிய நாசம் பண்ணிட்டுப் போய்க்கிறான். பழசு எங்க?"

"கெணத்துல போட்டாச்சி."

"இல்ல நைனா, எங்கிட்ட கீது!" என்று நான் ஓடினேன். பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு வந்து கொட்டினேன். நைனா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "புதுசக் கழட்டிட்டுப் பழசப் போடறதா? இன்னா மொதலாளி, பேஜாரா கீது." நைனா பக்கத்திலேயே நின்று போட வைத்தார். மாமா வாங்கி வந்த புதுச் சாமானைத் தன் கையாலேயே கிணற்றில் எறிந்தார். இப்படியும் ஒரு மனிதர்! அவரை அன்றைக்குக் கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை.

இருபது நாளில் தாத்தா போய்விட்டார். அந்த இருபது நாளில் அம்மாவை ஒருமுறைகூட எளாவூருக்கு அழைத்துப் போகாதவர், சாவுச் செய்தி வந்ததும் நிமிஷத்தில் வண்டியை எடுத்தார். பந்தலில் இருந்த கூட்டம் பார்க்க, ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சுற்றிச் சுற்றி ஒடித்து, வேலியோரம் அலுங்காமல் நிறுத்தினார். "இந்த வண்டிய அவர வுட்டா வேற எவனால ஓட்ட முடியும்?" என்றார் ஒருவர்.

முன் சீட்டில் இருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. குதித்து இறங்கி, அங்கே நின்ற பிள்ளைகளிடம், வண்டியின் பழைய சாமான் கிணற்றுக்குப் போகாமல் காப்பாற்றியதே நான்தான் என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து இறங்கினாள். ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தாத்தாவுக்காக அடித்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன்.