முப்பத்து நான்காம் நாள்

பாப்பம்மா என் சட்ட அலுவலகப் படியேறிய அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அது அவர் மீதா, சட்டத்தின் மீதா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிப்பவர். கணவர் இல்லை. ஒரே மகன் தினேஸ், கண்டியில் முச்சக்கரவண்டி ஓட்டினான். பேராதனையில் இறங்கிய ஒருவர் மறந்துவிட்டுப் போன பையில் கல் உடைக்கிற வெடிகள் இருந்தன. பையை ஒப்படைக்கப் பொலிசுக்குப் போனவனையே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். ஐந்து நாள் நிலையத்தின் பின்னறையில் வைத்து உள்ளங்காலில் அடித்தார்கள். பிறகு சிறைக்கு அனுப்பினார்கள்.

இதற்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமை ஆணைக்குழுவில் ஒரு முறைப்பாடு கொடுத்திருந்தாலும் போதும், நாள் கணக்கு நின்றிருக்கும். பாப்பம்மா என்னிடம் வந்தது, மகனைச் சிறைக்கு அனுப்பியதிலிருந்து முப்பத்து நான்காம் நாள்.

"ஏன்க்கா இத்தன நாளா வரல?"

"தோட்டத்து யூனியன் தலைவர்கிட்ட சொன்னேன் மிஸ். பேசிப் பாப்போம்னாரு. அப்பறம் திருவிழா வந்திருச்சி. புள்ள வெளிய வரணும்னு மாரியாத்தாளுக்குக் காப்பு கட்டிக்கிட்டேன். காப்பு கட்டுனா தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாதுல்ல?"

பதினைந்து நாள் அவர் தாண்டவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு மனுவை எழுதினேன்.

அவசரம் வேறு இருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, சிறையில் இருப்பவரையும் விசாரணைக்கென்று பொலிசார் வெளியே எடுத்துப் போகலாம். தினேசை மறுபடி கேட்டிருக்கிறார்கள் என்று சிறைக் காவலர் ஒருவர் தாயின் காதில் போட்டிருந்தார். கேட்டது அதே நிலையம். கொழும்பில் உயர் நீதிமன்றம் மனுவை ஏற்றால்தான் அதைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு கிடைக்கும்.

மூன்று நீதியரசர்கள் அமர்ந்திருந்தார்கள். நாள் கடந்த மனு என்று அரச தரப்புச் சட்டத்தரணி ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஐ.நா.வின் மனித உரிமை உடன்படிக்கையை எடுத்தேன். உரிமை மீறப்பட்டவருக்குப் பயனுள்ள நிவாரணம் தருவோம் என்று நாடு அதில் வாக்குக் கொடுத்திருக்கிறது. உடன்படிக்கையை நல்லெண்ணத்தோடு, அதன் நோக்கம் நிறைவேறும்படி வாசிக்க வேண்டும். நமது சட்டத்திலுள்ள ஒரு மாதத்தையும் அதற்கு இசைவாகத்தான் வாசிக்க வேண்டும். கம்பிக்குள் கிடப்பவனால் நாள் பார்த்து வழக்குப் போட முடியாது என்றேன். முன்பு சில அமர்வுகள் இப்படித் தாராளமாக வாசித்திருக்கின்றன, சில மறுத்திருக்கின்றன. நமக்கு எது வாய்க்கும் என்பது யாருக்கும் தெரியாது.

நடுவில் இருந்தவர் கேட்டார். "தாய் வெளியில்தானே இருந்தார்? அவரை யார் தடுத்தது?"

காப்பைப் பற்றிச் சொன்னேன். யாரோ மெல்லச் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த பாப்பம்மாவுக்கு எங்கள் ஆங்கிலம் புரியவில்லை, அந்தச் சிரிப்பு புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடிவு சொல்லிவிட்டார்கள். உடன்படிக்கை உலகத்தின் முன் நாட்டைக் கட்டுப்படுத்தும். பாராளுமன்றம் சட்டமாக்காத வாக்குறுதி இந்த மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

"அப்ப நாடு கையெழுத்துப் போட்டது பொய்யா மிஸ்?"

"உண்மைதான்க்கா."

"அத யாருகிட்ட காட்டுறது?"

"ஜெனீவாவுல ஒரு குழு இருக்கு. எழுதிப் போடலாம்."

"எப்ப பதில் வரும்?"

"நாலு வருசம் ஆகும். அஞ்சும் ஆகலாம்."

மறுநாள் சிறையில் பார்வையிடும் நாள். மகனின் காலுக்குத் தடவ எண்ணெய் வாங்கிக்கொண்டு கண்டிக்கு வந்தார். மனம் கேட்காமல் நானும் கூடப் போனேன்.

வாசலில் இருந்த காவலர் பட்டியலைப் புரட்டினார். நேற்றுப் பின்னேரமே தினேசைப் பொலிசார் எடுத்துப் போய்விட்டார்கள் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். பாப்பம்மாவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

எந்த இடத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. எண்ணெய்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த எண்ணெய அங்க குடுக்க விடுவாங்களா மிஸ்?" என்றார்.