குனிந்தால் தெரியும் முதுகு

குனி என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டார் முன்னால் அத்தையும் சொன்னாள். நிற்கும்போது என் முதுகு அவ்வளவாக யார் கண்ணிலும் படாது. குனிந்தால் வலது பக்கம் மட்டும் மேடாக எழும்பும்.

முதலில் அதைப் பார்த்தவர் டிரில் டீச்சர்தான். எட்டாம் வகுப்பில் வரிசையாக நிறுத்திக் கால் விரலைத் தொடச் சொன்னார். நேராகக் குனியத் தெரியாத கழுதை என்று அந்த மேட்டின் மேல் ஸ்கேலால் தட்டினார். அது இறங்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். பிறகு கையை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அம்மா என்னைப் பம்மலிலிருந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எலும்புப் பிரிவின் பெஞ்சில் விதவிதமான முதுகுகள் உட்கார்ந்திருந்தன. அரிசி மூட்டை தூக்கி ஜவ்வு பிதுங்கியவர் ஒருவர், காலில் மின்சாரம் பாய்கிறது என்று முனகிக்கொண்டே இருந்தார். எலும்பு தேய்ந்து கூன் விழுந்த கிழவி ஒருத்தி தரையைப் பார்த்தபடியே வந்தாள், தரையைப் பார்த்தபடியே போனாள். முதுகெலும்பில் காசநோய் பிடித்த ஒரு குழந்தையை நெஞ்சு முழுக்க மாவுக்கட்டோடு படுக்க வைத்திருந்தார்கள். யார் மேலும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவர்களுக்கெல்லாம் வலி இருந்தது, வலிக்கு மரியாதையும் இருந்தது. எனக்கு வலி இல்லை. அதுதான் பின்னால் என் தலையில் விடிந்தது.

டாக்டர் என்னைக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு அம்மாவிடம் எக்ஸ்ரேயைக் காட்டினார். முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. கழுத்தில் ஏழு, நெஞ்சுக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து, அதற்கும் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன சில. உன் பெண்ணுக்கு நெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற எலும்புகள் பக்கவாட்டில் வளைகின்றன, வளைவதோடு திருகிக்கொள்ளவும் செய்கின்றன, விலா எலும்பு அவற்றோடு ஒட்டியிருப்பதால் ஒரு பக்கத்து விலா பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறது என்றார். ஏன் வந்தது என்று தெரியாது, யார் செய்த பாவமும் இல்லை என்றும் சொன்னார். வளர்ச்சி நிற்கும்வரை பெல்ட் போட வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம்.

பெல்ட் என்று பேர்தான். இடுப்பில் தடித்த தோல் உறை, முன்னால் ஒரு இரும்புப் பட்டை, பின்னால் இரண்டு, தாடைக்குக் கீழே ஒரு வளையம். தோல் வாசனை எனக்குப் பழக்கம்தான். அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார், வீடு முழுக்க அந்த நாற்றம்தான். போட்டுக்கொண்டால் தலையைத் திருப்ப முடியாது. ஆனாலும் போட்டுக்கொண்டேன். முதுகு நிமிர்ந்து இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தை கூடுவாஞ்சேரியிலிருந்து வந்துவிட்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டில் அவள் சொன்னால் அப்பா வாயைத் திறக்கமாட்டார், அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அத்தை என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"வலிக்குதாடி?"

"இல்ல அத்தை."

"வலிக்காத இடத்துக்கு எதுக்குடி வைத்தியம்?" என்று கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "இந்தக் கூண்டோட இவ தண்ணிக் குழாய்க்குப் போனா போதும், பம்மல் பூரா தெரிஞ்சிடும். அப்புறம் நீயே வச்சுக்கோ உன் பொண்ணை, காலத்துக்கும்."

மறுநாளிலிருந்து பெல்ட் இரவில் மட்டும் என்று ஆனது. பள்ளிக்கு இல்லை, குழாயடிக்கு இல்லை, யாராவது கதவைத் தட்டினால் இல்லை. இரவில் அதோடு தூக்கம் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பெல்ட் பரணுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் அம்மா அதைக் கோணிப்பையில் எடுத்து வருவாள். அங்கே கழிப்பறையில் வைத்து எனக்கு மாட்டிவிடுவாள். டாக்டர் கேட்டால் ராவும் பகலும் போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

ஒருநாள் டாக்டர் இடுப்புத் தோலின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். இப்போதுதான் கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறதே, வியர்வைக் கறை ஒன்றுகூட இல்லையே என்றார். எக்ஸ்ரேயில் வளைவு கூடியிருந்தது. அம்மா சுவரைப் பார்த்தாள். அவர் திட்டியது என்னை. சோம்பேறி, அழகு பார்க்கிறாய், பின்னால் அழுவாய் என்று அந்தப் பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி கத்தினார். அம்மா என்று ஒருத்தி பக்கத்தில் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தினார்கள். வளர்ச்சியும் நின்றது. இனி பெல்ட் போட்டாலும் பயனில்லை என்பது எல்லாருக்கும் ஒரு நிம்மதியாக இருந்தது. அம்மா ஒரு தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்து, என் ரவிக்கைகளில் இடது பக்கத் தோளுக்குப் பின்னால் உள்ளே வைத்துத் தைத்தாள். நின்றாலே லேசாகத் தெரியத் தொடங்கிய உயர்ந்த பக்கத்தை இறக்க முடியாது, அதனால் தாழ்ந்த பக்கத்தை உயர்த்தினாள். வெயில் காலத்தில் அந்தப் பஞ்சு வியர்வை குடித்து முதுகில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொள்ளும்.

பொழிச்சலூரிலிருந்து அந்த வரனைக் கொண்டுவந்ததும் அத்தைதான். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் ஃபிட்டர். முதுகைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எப்படிக் கும்பிட வேண்டும் என்று அம்மா எனக்கு ஒத்திகை வைத்தாள். முந்தானையை இரண்டு தோளிலும் போர்த்திக்கொள்ள வேண்டும். அவர்களைப் பார்த்தபடி முட்டி போட்டு, முதுகை வளைக்காமல் தலையை மட்டும் இறக்க வேண்டும்.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் நான் அடுக்களையில் காபித் தட்டோடு நின்றேன். அம்மா அத்தையிடம் கிசுகிசுத்தாள், பின்னால் தெரிந்தால் என்ன ஆகும் என்று. அத்தை குரலைத் தாழ்த்தவே இல்லை.

"தாலி ஏறிட்டா அவன் என்ன பண்ணுவான்? நாலு நாள் அடிப்பான், அப்புறம் அடங்கிடுவான்."

நாலு நாள். அவன் அடிக்கப்போவது அத்தையை இல்லை, அம்மாவை இல்லை. இந்த முதுகில்தான் அடிப்பான்.

காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா பருமனான பெண்மணி, விசிறியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள், "குனிஞ்சு கும்பிட்டுக்கோம்மா."

சாமி படம் எதிர்ச் சுவரில் இருந்தது. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிச் சாமி பக்கம் திரும்பினேன். போர்த்தியிருந்த முந்தானையை வலது தோளிலிருந்து எடுத்துவிட்டேன். முட்டி போடவில்லை. நின்றபடி இடுப்பிலிருந்து குனிந்து, தரையைத் தொட்டு, அப்படியே இருந்தேன். டாக்டர் பார்க்கிற அளவு நேரம் இருந்தேன்.

மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. எங்கள் பகுதியில் விமானம் போகும்போது அந்தச் சத்தத்தில் யாரும் பேசமாட்டார்கள். அது போய் முடிகிறவரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பொண்ணு முதுகுக்கு இன்னாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றாள் அம்மா. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

"பொண்ணு காட்டுறேன்னு கூப்ட்டுட்டு முன்பக்கத்தை மட்டும்தான் காட்டுவீங்களா?" என்று அந்த அம்மாள் அத்தையைக் கேட்டார். காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். மாப்பிள்ளை போகும்போது ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார், சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்ப்பது மாதிரி. அவர் மேலும் எனக்கு நல்ல எண்ணம் வரவில்லை.

கதவு சாத்தியதும் அத்தை என் எதிரே வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் நேரா நிக்க முடியலையா உனக்கு? மூதேவி."

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மூன்றாவது மனிதர் இருந்தால் தண்ணீர்கூடக் கேட்கமாட்டேன். அன்றைக்குக் குரல் வந்தது.

"நேரா நிக்கத்தான் பெல்ட் குடுத்தாங்க அத்தை. அதைக் கழட்டச் சொன்னது நீங்க."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா செருப்பைத் தேடினார். அத்தை அடுத்த வண்டிக்கே கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு எனக்கு வரன் எதுவும் கொண்டுவரவில்லை. அவள் எனக்குச் செய்த நல்லது அது ஒன்றுதான்.

விளக்கு வைத்த பிறகு அம்மா என் ரவிக்கைகளை எல்லாம் எடுத்து வந்து உட்கார்ந்தாள். பிளேடால் தையலைப் பிரித்தாள். கட்டிகட்டியாக இறுகிப்போன பஞ்சை விரலால் உதிர்த்து, பழைய தலையணையிலேயே திணித்துத் தைத்தாள். அதை என் பாயில் கொண்டுவந்து போட்டாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டும்போல.

நான் அதைக் காலால் தள்ளிவிட்டு, கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தேன். இன்றுவரை தலையணை வைத்துக்கொள்வதில்லை.