ஊருணியில் கழுவிய சாந்துச் சட்டி

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷத்துக் கோடை. எனக்குப் பதினாறோ பதினேழோ வயது. அருப்புக்கோட்டையில் கடை வைத்திருந்த ஒருவர், திருச்சுழிப் பக்கம் தன் சொந்த ஊரில் வீடு கட்டினார். அங்கே சித்தாளாகப் போனேன். என்னோடு இன்னொரு சித்தாள், பந்தல்குடிக்காரர். அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். வாய் கொஞ்சம் அதிகம். எனக்கு அந்த வாயே கிடையாது. யாராவது பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அப்போது அந்தப் பக்கம் சிமெண்டைப் பார்த்தவர் இல்லை. சுண்ணாம்பும் மணலும் அரைத்த சாந்துதான். பொழுது சாய்ந்ததும் சட்டிகளைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாந்து இறுகிவிடும். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து, வேலை நடக்கும் இடத்தில்தான் கழுவ வேண்டும். சட்டியோடு யாரும் ஊருணிக்கரை ஏறக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஊருக்கே குடிக்க அது ஒன்றுதான். அந்தக் கோடையில் ஒரு முற்றம் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது.

சட்டி கழுவுவது அக்காவின் வேலை. ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சலென்று, கொத்தனாருக்குத் தெரியாமல் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு முன்னதாகப் போய்விட்டார். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னும் நாலு குடம் யார் சுமப்பது என்று, சட்டிகளையும், அடியில் சுண்ணாம்பு தங்கியிருந்த பெரிய பானையையும் ஊருணிக்கே கொண்டுபோய்க் கழுவிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் மீன் செத்து மிதந்தது. தண்ணீர்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஆடை படர்ந்திருந்தது. பெண்கள் வெறுங்குடத்தோடு வந்து பாதி எழும்பியிருந்த சுவருக்கு முன்னால் நின்றார்கள்.

"கொத்தனாரே, நீரு வீடு கட்டுறீரா, எங்களுக்குக் குழி வெட்டுறீரா?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். "நேத்து நான்..." என்று ஆரம்பித்த அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"வாய் கிழியப் பேசுவியே, இப்ப என்ன? இன்னையோட நின்னுக்க" என்றார் கொத்தனார்.

அக்கா சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ரேஷன் காலம். கூலி நின்றால் அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடையாது, எனக்குத் தெரியும். அவர் தெருமுனைக்குப் போன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்: "அக்கா இல்ல. நாந்தான் கழுவுனேன்."

"இத அவ தெருவத் தாண்டுறதுக்குள்ள சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்றார் ஒரு பெண். அதற்கு மேல் என்னை யாரும் திட்டவில்லை. அவர்கள் கவலை தண்ணீர். கொத்தனார் ஆள் அனுப்பி அக்காவைத் திருப்பிக் கூப்பிட்டார்.

ஊருணிக்குத் தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். அந்தப் பெண்களுக்காக நாங்கள் இரண்டு பேரும் சிரட்டையால் கோரி ஊற்றினோம். முதல் நாள் முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. மறுநாள், "மேலாக்கக் கோரு, மண்ணு கலங்குது" என்றார். அவ்வளவுதான்.

ஊர் ஒரு நாளைக்கு இத்தனை குடம்தான் என்று கட்டடத்துக்கு அளந்து கொடுத்தது. கொத்தனார் ஒரு தொட்டியைப் பதித்து, சட்டியெல்லாம் அதில்தான் கழுவ வேண்டும் என்றார். கழுவின தண்ணீரே மறுநாள் சாந்துக்குப் போனது. சுவர் காயாமல் இருக்கத் தண்ணீரை வாரியடிப்பதை விட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தினோம். முன்பு ஊற்றியதில் பாதி போதுமென்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போதும் எங்கள் தெருவில் கட்டடம் நடக்கும்போது குழாய் திறந்தபடி ஓடினால், போய் மூடச் சொல்லிவிடுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அக்கா தெருமுனை வரைக்கும் நடந்ததை நினைத்தால், நின்று யோசிக்கத் தோன்றுவதில்லை.