மம்மிப் படமும் சின்னம்மாவும்

முதல் மம்மிப் படத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் கையில் லேஞ்சியோடு வந்திருந்தார்கள். அழுதால் கண் துடைக்க வேண்டுமே. சந்திக் கடை வாசலில் தொங்கிய பலகையில் 'ஞாயிறு பின்னேரம் மம்மிப் படம்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. வெளிநாட்டுக்குப் போன குடும்பங்களில் பிள்ளைகள் தாயை மம்மி என்று கூப்பிடுகிறார்களாம் என்ற கதை எங்கள் ஒழுங்கைவரை வந்து சேர்ந்திருந்த காலம். பிள்ளைகளைப் பிரிந்து தவிக்கும் ஒரு தாயின் படம் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

திரையில் ஒரு கல்லறை திறந்தது. உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய உடல் ஒன்று கிடந்தது. "பாவம், படம் தொடங்கினவுடனேயே தாய் செத்துப்போனா" என்று முன்னுக்கிருந்த ஒரு மனுசி மூக்கை உறிஞ்சினார். அடுத்த நிமிடம் அந்த உடல் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. மனுசி எழுந்து ஓடியவர், செருப்பை எடுக்க மறுநாள்தான் வந்தார்.

அப்போது வன்னியில் மின்சாரம் கிடையாது. தர்மபுரத்தில் எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த கிடுகுக் கொட்டிலில் ஒருவர் படம் ஓட்டினார். அவரிடம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், கசெற் போடும் டெக்கும், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனரேற்றரும் இருந்தன. நாங்கள் அவரை டெக்கண்ணை என்போம். வெளிச்சம் வராமல் சுவரெல்லாம் உரச் சாக்குத் தொங்கும். குண்டு போடும் பிளேன் சத்தம் கேட்டால் சொல்வதற்கு ஒருவர் வெளியே மாமரத்தடியில் இருப்பார்.

மற்ற நாட்களில் தமிழ்ப் படம் ஓடும், கொட்டில் நிரம்பி வழியும். ஞாயிறு பின்னேரம் மட்டும் டெக்கண்ணை எங்கிருந்தோ தேடியெடுத்த பழைய ஆங்கிலப் பேய்ப் படம் ஒன்றைப் போடுவார். எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாவற்றிலும் யாரோ வெள்ளைக்காரர் எகிப்தில் மண்ணைக் கிண்டி, எழுதியிருக்கும் சாபத்தை வாசித்தும் கேளாமல் பெட்டியைத் திறந்து, கழுத்து நெரிபட்டுச் சாவார். ஆட்கள் குறைந்துகொண்டே போய், கடைசியில் மிஞ்சியது நானும் தம்பியும் எங்களைப் போல சில சின்னனுகளும்தான். டெக்கண்ணைக்கு அதுபற்றிக் கவலையே இருக்கவில்லை. மம்மியின்மேல் அவ்வளவு ஆசை போலும் என்று நினைத்தேன்.

படத்தை எங்களுக்குத் தமிழில் சொன்னவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கதிரை. ஒவ்வொரு வசனத்துக்கும் டெக்கண்ணை படத்தை நிறுத்துவார்.

"ரீச்சர், அவன் இப்ப என்ன சொன்னவன்?"

"மூவாயிரம் வருசமாக் காத்துக்கொண்டு கிடந்தவனாம்."

"ஆருக்காக?"

"ஒரு பெட்டைக்காக."

"அவ்வளவு காலமுமோ?" என்று கேட்டுவிட்டு டெக்கண்ணை படத்தைத் திரும்ப ஓட்ட மறந்து நிற்பார். மம்மி கையைத் தூக்கியபடி திரையில் நடுங்கிக்கொண்டு நிற்கும். நாங்கள் கத்தினால்தான் படம் நகரும்.

அந்த ஆவணியில் கண்டாவளையிலிருந்து சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல வயற்காரக் குடும்பம். அம்மா விடிய எழும்பிப் பயற்றம் பணியாரம் சுட்டார். சின்னம்மாவோ சேலை மாற்றக்கூடப் போகாமல் தம்பியை அறைக்குள் கூப்பிட்டு, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் காலிலிருந்து தலைவரை சுற்றிக்கொண்டிருந்தார். தம்பிக்கு அன்று கிடைத்த சந்தோசம் தீபாவளிக்கும் கிடைத்ததில்லை.

"நான் தேத்தண்ணியைக் கொண்டு போன உடனை நீ பின்னாலை வா. கையை முன்னுக்கு நீட்டு. ஒரு காலை இழுத்து நட. ஓடாதை, மம்மி ஓடுறேல்லை."

தம்பி அப்படியே செய்தான். சின்னம்மா தட்டோடு குனிந்து நிற்க, அவருக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ முனகிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் தாய் "முருகா!" என்று அலறி எழும்ப, தேநீர் முழுதும் மாப்பிள்ளையின் மடியில் ஊற்றுண்டது. மாப்பிள்ளை கதிரைக்கு மேலே ஏறி நின்றார். அதைப் பார்த்த தம்பிக்கு உற்சாகம் கூடி, அவருடைய கழுத்தைப் பிடிக்க எம்பினான்.

"நல்ல காரியத்துக்கு வந்த இடத்திலை பிணக்கோலமோ? எழும்புங்கோ, போவம்!" என்று தாய் படலையைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே போனார். பணியாரத்தை ஒருவரும் தொடவில்லை.

அம்மா தம்பியின் காதைப் பிடித்தார். "ஆரடா உனக்கு உந்தத் துணியைச் சுத்தினது?"

"சின்னம்மா" என்றான் துணிக்குள்ளிருந்து.

அம்மா காதை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார். சின்னம்மா நிலத்தைப் பார்த்தார். பிறகு அம்மா அப்பாவிடம் திரும்பி, "உந்தப் படங்களாலைதான் எல்லாம். இப்பவே போய் அந்தப் பெடியனை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார்.

அப்பா சைக்கிளில் டெக்கண்ணையின் வீட்டுக்குப் போனார். இனி மம்மி இல்லை. சின்னம்மாவும் என்னைப்போலவே கவலைப்பட்டிருக்க வேண்டும், படலைக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

பொழுது சாயும் நேரம் அப்பா திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"சொன்னீங்களோ?" என்றார் அம்மா.

"நான் எங்கை சொல்லுறது? நான் வாய் திறக்க முதலே பெடியன் எழும்பி நிண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டான். நல்ல பெடியன். நல்லாப் படிச்சும் இருக்கிறான். யாழ்ப்பாணத்திலை இங்கிலீசிலை பேச்சுப் போட்டிக்குப் போய்ப் பரிசெல்லாம் எடுத்தவனாம்."

சின்னம்மா குசினிக்குள் ஓடினார்.

"இங்கிலீசு தெரியுமெண்டால் பிறகேன் ஒவ்வொரு வசனத்துக்கும் சின்னம்மாவைக் கேட்டவர்?" என்றேன் நான்.

அப்பா சிரித்தார். அவ்வளவு நேரமும் உம்மென்று இருந்த அம்மாவும் சிரித்துவிட்டார். குசினிக்குள்ளும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜெனரேற்றருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று டெக்கண்ணைக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நானும் தம்பியும் முடிவு கட்டினோம். தை மாதம் சின்னம்மாவுக்கும் அவருக்கும் கலியாணம் நடந்தது. மாலையோடு இருந்த சித்தப்பாவின் காதுக்குள் வாயை வைத்து, பாவம், கேட்கட்டுமே என்று, நாங்கள் இருவரும் கத்திக் கத்தித்தான் கதைத்தோம்.